மறு: சுக்கானுக்குப் பின்னால் இருக்கும் கியர்த் தகட்டுக்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம். கார்ச் சுக்கானுக்குப் (ஸ்டீயரிங்) பின்னால், விரலால் இழுத்துக் கியர் மாற்றும் தகட்டுக்கு (ஆங்கிலத்தில் paddle shifter) தமிழ்ச் சொல் தேடும் இழைக்கு என் பதில் இது.

> துடுப்பு என்றே வைக்கலாமே. உருவமும் அப்படித்தானே இருக்கிறது.

ஐயா, சென்னையிலிருந்து பார்த்தால் சரியாகத்தான் படும். கொழும்பில் துடுப்பு என்றால் கிரிக்கெட் மட்டை. "இடது துடுப்பு" என்று சொன்னால் எங்கள் வீட்டுப் பொடியனுக்கு இடக்கை ஆட்டக்காரர் சங்கக்காரதான் ஞாபகம் வருவார்.

> அப்படியென்றால் விரல்மாற்றி?

தம்பி, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் விரலால் கியர் மாற்றுகிற எல்லாம் ஒரே சாமான் அல்ல. 2008இல் போர்ஷே 911க்கு இரட்டைக் கிளச் கியர்ப்பெட்டி வந்தபோது, சுக்கானின் இரு பக்கமும் ஒரே மாதிரி ஆளிகள் இருந்தன (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: ஆளி என்றால் எங்கள் பள்ளிப் புத்தகத்தில் சுவிட்ச்). பெருவிரலால் முன்னே தள்ளினால் மேல் கியர், பின்னாலிருந்து மற்ற விரல்களால் இழுத்தால் கீழ் கியர். வலது கை கூட்டும், இடது கை குறைக்கும் என்று பழகியவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. பிறகு போர்ஷேயும் பின்னால் இழுக்கும் தகடுகளைக் கொடுத்தது. தள்ளும் ஆளியையும் இழுக்கும் தகட்டையும் ஒரே சொல்லால் குறித்தால், எது கைக்கு வசதி என்ற வாதத்தையே தமிழில் எழுத முடியாது.

என் முன்மொழிவு மடல். மெல்லிய தகடு, ஒரு ஓரம் பொருந்தியிருக்கும், மறு ஓரம் விரலுக்கு அசையும். காது மடல் போல இரு பக்கமும் சற்றுப் பின்தள்ளி நிற்கும். மின்மடலோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். காது மடலை இதுவரை யாரும் தபாலில் போட்டதில்லை.

அடுத்தது அடைமொழி. உண்மையில் எனக்கு இதில்தான் அக்கறை அதிகம். 1989இல் ஜான் பார்னார்ட் வடிவமைத்த ஃபார்முலா 1 பந்தயக் காரான ஃபெராரி 640இல் மடல்கள் சுக்கானிலேயே இருந்தன. அந்தக் காரின் முதல் போட்டியிலேயே, பிரேசிலில், ஓட்டுநர் நைஜல் மான்செல் வென்றார். பந்தயக் காரில் சுக்கானைக் கொஞ்சம் திருப்பினாலே போதும், கை பிடியை விட்டு நகராது, மடலும் எப்போதும் விரலடியில் இருக்கும். நம் வீதி அப்படியா? கொழும்பு வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றிலிருந்து காலி வீதிக்கு (Galle Road) ஏறும்போது சுக்கானை அரைச்சுற்று ஒடித்தால், கழித்தல் குறி போட்ட இடது மடல் வலப்பக்கம் போய்விடும். சுக்கான் தண்டின் திரும்பாத உறையில் பொருத்திய மடல் அப்படி இடம் மாறாது. ஆனால் வளைவின் நடுவில் கியர் மாற்ற வேண்டுமென்றால், சுக்கானோடு போன கையை எடுத்து மடலைத் தேட வேண்டும். அதனால்தான் தண்டில் வைப்பவர்கள் மடலை நீளமாகச் செய்கிறார்கள்.

இதில் இன்னும் ஒருமித்த கருத்து வரவில்லை. நிசான் ஜிடி-ஆர் 2007இல் தண்டு மடலோடு வந்து, 2017 மாதிரியில் சுக்கானுக்கு மாறியது. ஃபெராரியோ வீதிக் கார்களில் தண்டை விட மாட்டேன் என்கிறது. எனக்குத் தண்டுதான் பிடிக்கும், பழக்க தோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் ஒன்று நிலைமடல், மற்றது சுழல்மடல். கேட்டவுடன் விளங்குகிறதல்லவா?

> கியர்மடல் என்றே முழுதாகச் சொல்லிவிடலாமே?

அதில் ஒரு சிக்கல். புதிய ஹோண்டா ஹைபிரிட் வெசலிலும் அதே இடத்தில் அதே தகடு இருக்கிறது. ஆனால் அது கியரை மாற்றுவதில்லை. அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் வண்டியை எவ்வளவு இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதைத்தான் கூட்டிக் குறைக்கிறது. 2025இல் இலங்கை வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்த பிறகு, இங்கே இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. அதனால் மடல் தலைச்சொல்லாக இருக்கட்டும். கியர் மாற்றினால் கியர்மடல், வேகத்தைத் தணித்தால் தணிப்புமடல். போர்ஷேயின் அந்தத் தள்ளும் ஆளியை ஆளி என்றே விட்டுவிடலாம்.

சுக்கானா திசைமாற்றியா என்பதைத் தயவுசெய்து வேறு இழையில் வைத்துக்கொள்வோம். அந்தச் சண்டைக்குத் தனியாக ஒரு கிழமை வேண்டும்.