மென்மையான பாலியூரித்தேன் – கண்ணாடி மணிக் கலவை: ஹாப்கின்சன் பார் சோதனையில் முதலில் எழும் கொம்பு நிஜமா?

கேள்வி – வார்ப்புமேசை

பாலியூரித்தேன் ரப்பர் பைண்டர், அதில் கன அளவில் பாதி கண்ணாடி மணி. சாம்பிள் 12 மிமீ விட்டம், 10 மிமீ தடிமன். ஹாப்கின்சன் பாரில், அதாவது இரண்டு நீளக் கம்பிகளுக்கு (பார்) நடுவே சாம்பிளை வைத்து, ஒன்றின் நுனியில் ஸ்ட்ரைக்கர் என்ற குட்டைக் கம்பியை மோதவிட்டு, ஓடும் அலைகளிலிருந்து தகைவையும் திரிபையும் எடுக்கும் சோதனையில் வைத்தேன். 20 மிமீ ஸ்டீல் பார், 200 மிமீ ஸ்ட்ரைக்கர், வேகம் நொடிக்கு 10 மீட்டர். தகைவு–திரிபு வளைவில் தொடக்கத்திலேயே கூரான ஒரு கொம்பு எழுந்து விழுகிறது, அப்புறம்தான் வளைவு சீராக ஏறுகிறது. அந்தக் கொம்பை விளைவுத் தகைவு (யீல்டு, பொருள் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) என்று எடுக்கலாமா? ஒரே வார்ப்பில் வெட்டிய சாம்பிள்களுக்குள்ளும் வளைவு ஒத்துப்போகவில்லை.

பதில் – அலைநீளம்

எடுக்கக் கூடாது. அது பெரும்பாலும் இனர்ஷியா. சாம்பிள் திடீரெனப் பக்கவாட்டில் விரிய நேரும்போது அதன் நிறையே எதிர்ப்புக் காட்டுகிறது. இது ஆரத்தின் வர்க்கத்தோடும், திரிபு வேகம் ஏறும் விரைவோடும் சேர்ந்து வளரும். விட்டத்தை 12லிருந்து 8க்குக் குறைத்தாலே பாதிக்கும் கீழே போய்விடும்.

இன்னொரு கோளாறு தடிமனில். உயர்வேகத்தில் இந்தக் கலவையின் மீள்மை எண் (மாடுலஸ்) 200 மெகாபாஸ்கல், அடர்த்தி 1.8 என்று வைத்துக்கொண்டால் அலை நொடிக்கு சுமார் 330 மீட்டர்தான் ஓடும். 10 மிமீ கடக்க 30 மைக்ரோநொடி. இரு முகத்திலும் தகைவு சமமாக அலை குறைந்தது மூன்று தடவையாவது தடிமனைக் கடக்க வேண்டும், ஆக 90 மைக்ரோநொடி. உங்கள் 200 மிமீ ஸ்ட்ரைக்கர் கொடுக்கும் பல்ஸோ மொத்தமே 78 மைக்ரோநொடி! சாம்பிள் சமநிலைக்கு வரும் முன்பே சோதனை முடிந்துவிடுகிறது. தடிமன் 4 மிமீ என்றால் 36–38 மைக்ரோநொடியில் சமநிலை வரும். அப்போதும் 1000/நொடி திரிபு வேகத்தில் முதல் 3–4 சதவீதத் திரிபை நம்ப முடியாது. இந்த முறையில் தொடக்கச் சரிவிலிருந்து மீள்மை எண் கணக்கிடுவதே வீண்.

தடிமன் குறைத்தால் வேகத்தையும் குறையுங்கள். மென்சாம்பிளில் திரிபு வேகம் ஏறக்குறைய ஸ்ட்ரைக்கர் வேகத்தைத் தடிமனால் வகுத்தது. 4 மிமீக்கு நொடிக்கு 4 மீட்டர் போதும்.

பதில் – கேஜ்கம்பி

ஸ்டீல் பாரே இங்கே பொருத்தமில்லை. சாம்பிளில் 5 மெகாபாஸ்கல் என்றால் 20 மிமீ பாரில் அது 1.8 ஆகிவிடும், திரிபு வெறும் 9 மைக்ரோ. 5 வோல்ட் கொடுத்து, இரண்டு ஃபாயில் கேஜ் (பாரின் திரிபை மின்சிக்னலாக்கும் ஒட்டுப்பட்டை) எதிரெதிரே ஒட்டினாலும் 50 மைக்ரோவோல்ட்டைத் தொடாது. நீங்கள் பார்க்கும் சிதறலில் ஒரு பங்கு இந்த இரைச்சல்தான். 7075 அலுமினிய பாருக்கு மாறினால் சிக்னல் மூன்று மடங்கு. கடத்தும் பாரில் (சாம்பிளுக்கு அப்பால் உள்ளது) செமிகண்டக்டர் கேஜ் ஒட்டினால் இன்னும் எத்தனையோ மடங்கு. அக்ரிலிக் பார் என்று சிலர் சொல்வார்கள். அதுவே விஸ்கோஎலாஸ்டிக், அலை போகப் போகத் தேயும், திருத்தக் கணக்கு இல்லாமல் தொடாதீர்கள்.

ஸ்ட்ரைக்கர் மோதும் முகத்தில் பல்ஸ் ஷேப்பர் கட்டாயம். பதப்படுத்திய மெல்லிய செம்புத் தட்டு ஒன்றைத் துளி கிரீஸில் ஒட்டுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் புதுத் தட்டு. பல்ஸ் மெதுவாக ஏறினால் கொம்பும் தானாக அடங்கும். ஸ்ட்ரைக்கரை 400 மிமீ ஆக்குங்கள். பார் 1.5 மீட்டர், கேஜ் நடுவில் என்றால் போகும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று விழாது.

சமநிலை வந்ததா என்று பார்க்க சாம்பிளின் முன்முகத் தகைவைப் போகும், திரும்பும் இரு அலைகளின் கூட்டலிலிருந்து எடுப்பது வழக்கம். மென்மையான சாம்பிளில் அது கிட்டத்தட்ட சமமான இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம், இரைச்சலைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. அலுமினிய பாரின் நுனியில் எக்ஸ்-கட் குவார்ட்ஸ் வில்லை (அழுத்தினால் மின்னேற்றம் தரும் படிகம்) வைத்து நேரடியாக அளப்பதே நல்லது. அதன் அலைத்தடை அலுமினியத்துக்கு நெருக்கம் என்பதால் அலையைக் கெடுக்காது.

பதில் – மணிச்சல்லடை

4 மிமீ என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடாதீர்கள். மணி எந்த அளவு? அரை மிமீ என்றால் தடிமனில் எட்டு மணிதான் நிற்கும். அப்போது அளப்பது கலவையை அல்ல, சில மணிகளின் அடுக்கை. சாம்பிளுக்குச் சாம்பிள் வளைவு மாறுவதற்கு அதுவே போதும்.

வார்ப்புமேசை

100 முதல் 200 மைக்ரான்.

பதில் – மணிச்சல்லடை

அப்படியானால் 4 மிமீ தாராளம். சிதறலுக்கு வார்ப்பைப் பாருங்கள். தண்ணீரில் மூழ்கடித்து அடர்த்தி எடுங்கள். ரப்பர் 1.05, கண்ணாடி 2.5 என்றால் பாதிக்குப் பாதிக்கு 1.775 வர வேண்டும். 1.72 வந்தால் மூன்று சதவீதம் காற்று. வெறும் காற்றாக இருந்தால் வேக்குவத்தில் போய்விடும். மணியில் ஈரம் இருந்தால் பாலியூரித்தேனில் உள்ள ஐசோசயனேட்டோடு சேர்ந்து கார்பன் டைஆக்சைடு விடும், அது கெட்டியாகும்போதே உண்டாகும் குமிழி. மணியை 110 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தி, ஆறும்வரை டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) வைத்துவிட்டுக் கலக்குங்கள். சைலேன் பூச்சு (கண்ணாடியை ரப்பரோடு பிணைப்பது) இல்லாத மணி என்றால் ரப்பர் சீக்கிரமே அதை விட்டுப் பிரியும், வளைவு நடுவில் தொய்யும்.

வெட்டிய முகங்கள் இணையாக இல்லையென்றால் மேலே சொன்ன எல்லாமே வீண். சாம்பிள் முகங்களில் கிரீஸ் மெல்லிய படலமாக மட்டும். தடித்தால் அது நசுங்குவதும் சாம்பிளின் திரிபாகக் கணக்கில் ஏறும்.

பதில் – அலைநீளம்

சோதனைக்குப் பின் சாம்பிளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, 'இந்தத் திரிபில் மணி பிரிந்தது' என்று எழுதுவதாக இருந்தால் ஒன்று. திரும்பிப் போன அலை மறுபடி வந்து சாம்பிளை அடித்துக்கொண்டே இருக்கும். அந்த அலையைச் சாம்பிளுக்குப் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும் மொமென்டம் ட்ராப் வையுங்கள். இல்லாவிட்டால் சாம்பிளைச் சுற்றி அதைவிடச் சற்றே குட்டையான ஸ்டீல் வளையம் போட்டு நசுங்கலை நிறுத்துங்கள். வளையம் தொட்ட கணத்துக்குப் பிந்தைய டேட்டாவை வெட்டிவிட வேண்டும்.