கிளப் டிராக் அமெரிக்க பாப் ரேடியோவுக்குள் நுழைந்தது எப்படி? எடிட், மிக்ஸ் ரெண்டும் தெரிஞ்சவங்க சொல்லுங்க

நாலு_கிக்:

2000-களின் பெரும்பகுதி அமெரிக்க டாப் 40 ரேடியோ ஹிப்-ஹாப், ஆர் அண்ட் பி கையில்தான் இருந்தது. 2009-ல் டேவிட் கெட்டா தயாரிப்பில் பிளாக் ஐட் பீஸின் 'ஐ காட்டா ஃபீலிங்' பில்போர்டின் ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் 14 வாரம் முதலிடம். 2011-ல் ரிஹானா, கால்வின் ஹாரிஸ் சேர்ந்த 'வி ஃபவுண்ட் லவ்' 10 வாரம். ரெண்டுமே 128 பிபிஎம் (நிமிஷத்துக்கு 128 பீட்), ஒவ்வொரு பீட்டுக்கும் கிக் டிரம் அடி. என் கேள்வி இதுதான்: ஐந்தரை நிமிஷ கிளப் மிக்ஸை ரேடியோவுக்காக எந்த இடத்தில் வெட்டுறாங்க? அப்புறம், கிளப்பில் நெஞ்சில் இடிக்கிற டிராப் (கிக்கும் பேஸும் முழுசா வந்து விழுற பகுதி) எஃப்எம்மில் சப்புன்னு போறது ஏன்?

பழைய_ஃபேடர்:

வெட்டுற கணக்கு 128 பிபிஎம்மில் ரொம்ப சுலபம். ஒரு பார் (நாலு பீட்) 1.875 விநாடி. 4 பார் ஏழரை விநாடி, 8 பார் 15, 16 பார் சரியா 30, 32 பார் ஒரு நிமிஷம். கிளப் மிக்ஸில் முன்னாடி 32 பார், பின்னாடி 32 பார் வெறும் டிரம்ஸ் இருக்கும். டிஜே அடுத்த டிராக்கோடு கோர்க்கத்தான் அது. ரேடியோவில் அந்த வேலையே கிடையாது. ரெண்டையும் எடுத்தாலே ஐந்தரை நிமிஷம் மூணரை ஆயிடும்.

மிச்சத்தை இப்படி அடுக்கலாம்: இன்ட்ரோ 4 பார், சரணம் 16, பில்ட்-அப் (எதிர்பார்ப்பை ஏத்துற பகுதி) 8, கோரஸ் 16, டிராப் 8. அப்புறம் ரெண்டாவது சரணம் பாதியா 8, பில்ட்-அப் 8, கோரஸ் 16, பிரேக் (டிரம்ஸ் அடங்குற பிரேக்டவுன்) 8, கடைசி கோரஸ் 16, முடிவு 2. மொத்தம் 110 பார், 3 நிமிஷம் 26 விநாடி. முதல் கோரஸ் 52-வது விநாடியில் வந்துடும். அதுக்கு மேல தள்ளினா கார்ல இருக்கிறவர் ஸ்டேஷன் மாத்திடுவார். இன்ட்ரோவை 4 பாரோட நிறுத்தறதுக்கும் காரணம் உண்டு. அறிவிப்பாளர் குரல் வர்ற வரைக்கும் அது மேலதான் பேசுவார், ஏழரை விநாடி அவருக்குப் போதும்.

முக்கியமான விஷயம், டிராப் அங்கே 8 பார்தான். கிளப்பில் டிராப்தான் பாட்டு. பாப் ரேடியோவில் அது கோரஸுக்குப் பின்னாடி வர்ற வால். இதுக்கு அவிச்சியின் 'லெவல்ஸ்' நல்ல சாட்சி. அது தனியா ஹாட் 100-ன் முதல் 40 இடத்துக்குள்ளேயே வரலை. அதே சிந்த் (சிந்தசைசர்) மெட்டு மேல ஃப்ளோ ரைடா ராப் போட்ட 'குட் ஃபீலிங்' மூணாவது இடம் வரைக்கும் போச்சு. ரேடியோக்காரங்க பாட்டோட சில விநாடித் துண்டைப் போட்டுக் காட்டித்தான் நேயர்கிட்ட கருத்து கேட்பாங்க. வரியே இல்லாத துண்டை எந்தப் பாட்டுன்னு யார் கண்டுபிடிப்பாங்க?

வெட்டும்போது வழக்கமா நடக்கிற தப்பு ரெண்டு. பாடகர் பெரும்பாலும் பார் தொடங்குறதுக்கு அரை பீட் முன்னாடியே வாய் திறந்திருப்பார். பார் கோட்டிலேயே கத்தரிச்சா முதல் அசை போயிடும். இன்னொண்ணு, மாஸ்டர் ஃபைலை வெட்டறது. முந்தின பகுதியோட ரிவெர்ப் (எதிரொலி) வால் பாதியில் அறுந்து காதுல உறுத்தும். வோக்கல், டிரம்ஸ், சிந்த் தனித்தனியா இருக்கிற ஸ்டெம்களை வெட்டி, ஒட்டுற இடத்தில் 5 முதல் 10 மில்லிவிநாடி கிராஸ்ஃபேட் (ஒண்ணு மங்க மங்க இன்னொண்ணு ஏறுறது) வைங்க.

கெட்ட வார்த்தை இருந்தா கிளீன் வெர்ஷனும் சேர்த்து அனுப்பணும். கெட்டா, ஏகான் பாட்டு ரேடியோவில் 'செக்ஸி சிக்'னு பேர் மாறினது அப்படித்தான்.

மோனோ_காது:

டிராப் ஏன் சப்புன்னு போகுதுங்கிறதுக்கு நான் சொல்றேன். பாட்டு ஸ்டேஷனை விட்டு வெளியே போறதுக்கு முன்னாடி ஆப்டிமோட் மாதிரி ஒரு பிராசஸர் வழியா போகும். அதுல முதல்ல இருக்கிறது மெதுவா இயங்குற ஏஜிசி, அதாவது சத்தத்தைத் தானா ஏத்தி இறக்குற பகுதி. பிரேக்டவுன்ல சத்தம் குறைஞ்சா அது மெல்ல ஏத்திவிடும். 15 விநாடி கழிச்சு டிராப் வரும்போது ரெண்டும் ஏறக்குறைய ஒரே சத்தத்துல நிக்கும். நீங்க 6 டெசிபல் வித்தியாசம் வச்சு மிக்ஸ் பண்ணியிருந்தாலும் கேட்கிறவருக்கு அது வந்து சேராது.

அதனால வித்தியாசத்தை சத்தத்துல வைக்காதீங்க, அடர்த்தியில வைங்க. பில்ட்-அப்போட கடைசி 2 பார்ல ஹைபாஸை (தாழ்ந்த ஒலியை வெட்டுற ஃபில்டர்) 300 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஏத்தி பேஸை உருவிடுங்க. டிராப்புக்கு முன்னாடி ஒரே ஒரு பீட், 0.47 விநாடி, வோக்கல் மட்டும். அந்தக் குறுகின நேரத்துல ஏஜிசியால எழும்ப முடியாது, கிக் அப்படியே வந்து விழும். நீளமான வெள்ளை இரைச்சல் ரைசர் (ஏறிக்கிட்டே போற 'ஷ்ஷ்' சத்தம்) வேண்டவே வேண்டாம். எஃப்எம்ல அது சிக்னல் கெட்டுப்போன மாதிரி கேட்கும்.

அடுத்தது ஹை-ஹேட் (டிரம்ஸ்ல 'சிக் சிக்'னு அடிக்கிற சிம்பல்). அமெரிக்க எஃப்எம்ல 75 மைக்ரோவிநாடி ப்ரீ-எம்ஃபசிஸ் (ஐரோப்பாவில் 50). அதாவது மேல் ஒலியை 10 கிலோஹெர்ட்ஸ்ல கிட்டத்தட்ட 14 டெசிபல் தூக்கிட்டுத்தான் அனுப்பறாங்க. ரிசீவர் அதைத் திரும்பக் குறைக்கும். ஹேட் ரொம்பப் பளபளன்னு இருந்தா பிராசஸர்ல இருக்கிற லிமிட்டர் (உச்ச சத்தத்தைத் தடுக்கிறது) மேல்பகுதியை நசுக்கிடும், பாட்டே மங்கிப்போகும். 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல 2 டெசிபல் குறைச்சுப் பாருங்க, காத்துல அதுதான் தெளிவா இருக்கும்.

கிக்கோட அடிப்பகுதி 50 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தா சமையலறை ரேடியோவில் கேட்கவே கேட்காது. கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான டிஸ்டார்ஷன்) போட்டு 100–200 ஹெர்ட்ஸ்ல ஹார்மோனிக்ஸ் (அதே ஒலியோட மேல் மடங்குகள்) வரவைங்க.

ரிவைண்ட்:

பழைய_ஃபேடர் அண்ணா, குரல் இல்லாமலும் வந்திருக்கே? மார்ட்டின் கேரிக்ஸின் 'அனிமல்ஸ்' 21-வது இடம் வரைக்கும் போச்சு. பாவரின் 'ஹார்லம் ஷேக்' முதலிடம்.

பழைய_ஃபேடர்:

'ஹார்லம் ஷேக்' ரேடியோ கொடுத்த முதலிடம் இல்லைங்க. 2013 பிப்ரவரியில் பில்போர்டு யூடியூப் பார்வைகளையும் ஹாட் 100 கணக்கில் சேர்த்துச்சு, அந்த வாரமே அது உச்சிக்குப் போயிடுச்சு. 'அனிமல்ஸ்' விதிவிலக்குன்னு ஒத்துக்கறேன்.

ரேடியோ என்ன போடுதுன்னு பார்க்கணும்னா ஹாட் 100-ஐ விட்டுட்டு மெயின்ஸ்ட்ரீம் டாப் 40 பட்டியலைப் பாருங்க. அது எத்தனை தடவை ஒலிபரப்பாச்சுங்கிற எண்ணிக்கை மட்டும்தான். முழுக்க டான்ஸ் மியூசிக்குன்னே கிளியர் சேனல் ரேடியோ நிறுவனம் பாஸ்டனில் 2012 டிசம்பர்ல 101.7-ல் 'எவல்யூஷன்' ஸ்டேஷன் தொடங்குச்சு. 2014 ஜூன்ல அதே அலைவரிசை கன்ட்ரி மியூசிக்குக்கு மாறிடுச்சு. பாப் ஸ்டேஷனோட வரிசையில் ஒரு பங்கா இருந்தப்போ ஓடின சரக்கு, தனிக்கடை போட்டப்போ ஓடலை.

காசு விஷயமும் ஒண்ணு இருக்கு. அமெரிக்காவில் எஃப்எம் ஸ்டேஷன் ராயல்டி கொடுக்கிறது பாட்டை எழுதினவருக்கும் பதிப்பகத்துக்கும்தான். பாடினவருக்கும் ரெக்கார்டிங் உரிமையாளருக்கும் எதுவும் போகாது. தயாரிப்பாளரா இருக்கிற டிஜே எழுத்தாளர் பட்டியலில் பேர் போட்டுக்கலைன்னா, நாள் பூரா பாட்டு ஓடினாலும் ரேடியோவிலிருந்து கையில் எதுவும் வராது. சாட்டிலைட் ரேடியோ ரெண்டு பக்கமும் கொடுக்கும்.

நாலு_கிக்:

ரெண்டு பேருக்கும் நன்றி. மோனோ_காது, ஒண்ணே ஒண்ணு: லீட் சிந்தை (முக்கிய மெட்டு வாசிக்கிற சிந்த்) அகலமாக்க வலது பக்கம் 15 மில்லிவிநாடி டிலே போட்ட மிக்ஸ், கார் ரேடியோவில் லீட் பாதி காணாமல் போகுது. கிக்கும் வோக்கலும் அப்படியே இருக்கு.

மோனோ_காது:

சிக்னல் பலவீனமானா கார் ரேடியோ தானாவே மோனோவுக்கு மாறிடும். இடதும் வலதும் கூடும்போது 15 மில்லிவிநாடி டிலே 33 ஹெர்ட்ஸ்ல ஒரு பள்ளம், அப்புறம் ஒவ்வொரு 67 ஹெர்ட்ஸுக்கும் ஒரு பள்ளம் தோண்டும். சீப்பு மாதிரி. கிக்கும் வோக்கலும் நடுவுல இருக்கிறதால தப்பிச்சுது. டிலேயை எடுத்துட்டு, அதே லீட்டை மோனோவில் ஒரு லேயர் நடுவுல வைங்க. பக்கத்துக்கு வேற பேட்ச்ல (வேற சிந்த் ஒலியில), சில சென்ட் டிட்யூன் பண்ணி (சுருதியை லேசா விலக்கி) ரெண்டு லேயர், நடு லேயரை விட 6 டெசிபல் கீழே. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாமே மோனோ. மாஸ்டர்ல மோனோ பட்டனை அழுத்தி, சின்ன ஸ்பீக்கர்ல குறைஞ்ச சத்தத்துல கேளுங்க. கோரிலேஷன் மீட்டர் (இடதும் வலதும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காட்டுறது) பூஜ்யத்துக்குக் கீழே இறங்காம இருந்தா போதும்.