பிரஸ் இரண்டு ஷிப்டும் ஓடியும் ஆர்டர் தாமதமாகிறது; ஏழாவது பிரஸ் வாங்கலாமா?

கேள்வி:
வணக்கம். மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் வாகனங்களுக்கான ரப்பர் புஷ் (அதிர்வைத் தாங்கும் உருளை), கிராமெட் (கம்பி நுழையும் துளையில் பொருத்தும் வளையம்) செய்யும் சிறிய ஆலை நடத்துகிறேன். ரப்பரை அச்சில் வைத்துச் சூட்டில் அழுத்தும் ஆறு பிரஸ்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6,700 உதிரிகள் அடிக்கின்றன. அடித்த உதிரியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு வெட்ட ஆறு பெண்கள் இருக்கிறார்கள். 10 நாளில் தருவதாக ஒப்புக்கொண்ட சரக்கு 18 நாளில்தான் போகிறது. காலையில் எக்செல்லில் அட்டவணை போடுகிறேன். வாடிக்கையாளர் தொலைபேசியில் சத்தம் போட்டதும் மதியமே பிரஸ்ஸில் இருக்கும் மோல்டை (உதிரிக்கு வடிவம் தரும் அச்சு) மாற்றச் சொல்லிவிடுகிறேன். மாற்றிய மோல்டு சூடேற ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது. புதிய பிரஸ் வாங்குவதா, திட்டமிடல் மென்பொருள் வாங்குவதா?

பதில் 1:
இரண்டையும் ஒரு வாரம் தள்ளிவையுங்கள். ஒவ்வொரு வேலைக்கு முன்னாலும் எத்தனை உதிரிகள் காத்துக் கிடக்கின்றன என்று எண்ணிச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
எண்ணினேன். பிரஸ்ஸுக்கு முன்னால் அநேகமாக ஒன்றும் இல்லை. பிசிறு வெட்டும் இடத்தில் 48,000 கிடக்கிறது. ஒரு நாளில் 6,000 வெட்டுகிறார்கள்.

பதில் 1:
48,000ஐ 6,000ஆல் வகுத்தால் எட்டு நாள். உங்களுடைய தாமதமும் அதே எட்டு நாள்தான் என்பதைக் கவனியுங்கள். 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த கணக்கு இது. காத்திருக்கும் சரக்கை வேலை முடியும் வேகத்தால் வகுத்தால் காத்திருக்கும் காலம் கிடைக்கும். ஏழாவது பிரஸ் வந்தால் குவியல்தான் உயரும். நான் முதலில் கேட்க விரும்புவது, வெட்டுபவர்களுக்குப் பீஸ் கணக்கில் கூலியா என்பதுதான். அப்படியென்றால் எளிதில் வெட்டக்கூடிய பெரிய புஷ்ஷை முதலில் எடுத்து, நுணுக்கமான கிராமெட்டைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, கூலி அப்படி அமைந்திருக்கிறது. கடினமான உதிரிக்குக் கூலியை உயர்த்துங்கள். அனுப்ப வேண்டிய தேதி எழுதிய கூடை மட்டுமே மேசைக்குப் போகட்டும். குவியல் 12,000க்குக் குறையும் வரை, இந்த வாரம் தேவைப்படாத மோல்டை ஏற்றவே வேண்டாம். அட்டவணையை வெட்டும் மேசையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள், அடுத்த மூன்று நாள் திட்டத்தை யார் அழைத்தாலும் மாற்றாதீர்கள்.

பதில் 2:
மூன்று நாள் மாற்றாமல் இருப்பது பெரிய வாடிக்கையாளரிடம் நடக்காது என்பது திருமங்கலத்தில் நான் பட்ட அனுபவம். ஒரு பிரஸ்ஸை அவசர வேலைக்கென்று ஒதுக்கிவிட்டால் மற்ற ஐந்தும் நிலையாக ஓடும். மாற்றப்போகும் மோல்டை முன்கூட்டியே வெளியில் சூடேற்றி வைத்தால் அந்த ஒன்றரை மணி நேரமும் குறையும். பிரஸ்ஸைக் குறைக்கும்போது ரப்பர் கலவை தயாரிக்கும் மிக்ஸிங்கையும் குறைக்க மறக்காதீர்கள். கந்தகமும் ஆக்ஸிலரேட்டரும் (ரப்பர் இறுகுவதை விரைவுபடுத்தும் பொருள்) சேர்த்த ரப்பர் காம்பவுண்டு நம் ஊர் சித்திரை வெயிலில் நாள்பட்டுக் கிடந்தால் மோல்டுக்குப் போகும் முன்பே இறுகத் தொடங்கிவிடும்.

கேட்டவர்:
பீஸ் கூலிதான் ஐயா. 48,000இல் 29,000 இந்த மாதத்துக்கே உரியதில்லை. சூடான மோல்டை இறக்க மனமில்லாமல் கூடுதலாக அடித்தவை. நாளை முதல் இரண்டு பிரஸ்களை நிறுத்துகிறேன். அந்த ஆட்களுக்கு என்ன வேலை கொடுப்பது?

பதில் 1:
நாள் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். மோல்டு சுத்தம் செய்வதற்கு ஒருவர் போதும், மற்றவர்களைப் பிசிறு வெட்டப் பழக்குங்கள்.