மிகச் சிறந்த இண்டி ஆல்பம் எது: ‘லவ்லெஸ்’ஸா, ‘கொலோசல் யூத்’தா?

நள்ளிரவு வானொலி எழுதியது:

பெரிய இசை நிறுவனங்களுக்கு வெளியே வளர்ந்த இண்டி (இண்டிபெண்டெண்ட்) இசையின் தலைசிறந்த ஆல்பம் எது என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் நாலைந்து பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. தி ஸ்மித்ஸின் ‘தி குவீன் இஸ் டெட்’ (1986), தி ஸ்டோன் ரோசஸின் முதல் ஆல்பம் (1989), மை பிளடி வேலண்டைனின் ‘லவ்லெஸ்’ (1991), நியூட்ரல் மில்க் ஹோட்டலின் ‘இன் தி ஏரோபிளேன் ஓவர் தி சீ’ (1998) ஆகியவை முன்பின்னாக இடம் மாறி உட்காருமே தவிர, புதிதாக ஒருவர் உள்ளே நுழைவது அரிது. மற்றவை எனக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டன. ‘லவ்லெஸ்’ மட்டும் பத்துத் தடவைக்கு மேல் கேட்டும் பிடிபடவில்லை. பாடுகிறவரின் குரல் எங்கேயோ அடியில் கிடக்கிறது. அதன்மேல் கிட்டார் இரைச்சல் போர்வை போர்வையாக விழுந்துகொண்டே இருக்கிறது.

நான் எடுத்துக் கேட்பது அதற்கு நேர் எதிரான ஓர் ஆல்பத்தை. கார்டிஃப் நகரத்துக் குழுவான யங் மார்பிள் ஜயண்ட்ஸ் 1980-இல் ரஃப் டிரேட் என்ற லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) மூலம் வெளியிட்ட ‘கொலோசல் யூத்’ அது. அதில் 15 பாடல்கள் இருக்கின்றன, டிரம்ஸ் வாசிப்பவர் இல்லை. ரிதம் மெஷினின் மெல்லிய டிக்டிக்கைக் கேசட்டில் ஓடவிட்டு, அதன்மேல் பிலிப் மாக்ஸம் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். அவருடைய சகோதரர் ஸ்டூவர்ட் உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கியபடியே கிட்டாரைத் தட்டுகிறார். அலிசன் ஸ்டாட்டன் பக்கத்து வீட்டுப் பெண் பாத்திரம் கழுவிக்கொண்டே முணுமுணுப்பதைப்போலப் பாடுகிறார். ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவே இருக்கிற வெற்றிடம்கூடக் காதில் விழுகிறது. ஒரு வாரத்துக்குள் பதிவு செய்து முடித்த ஆல்பம் இது. அது வந்த சிறிது காலத்திலேயே குழுவே கலைந்துவிட்டது.

ஒருவருக்குப் பிடித்த ஆல்பமும் தலைசிறந்த ஆல்பமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ‘லவ்லெஸ்’ விஷயத்தில் கோளாறு என் ரசனையிலா, நான் கேட்கும் முறையிலா என்பதை அதை நேசிப்பவர்கள் சொன்னால் நன்றாயிருக்கும்.

ஒலிமேசை எழுதியது:

கேட்கும் முறையில்தான் என்று நினைக்கிறேன், நண்பரே. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் இரைச்சல் என்று சொல்லும் அந்தப் போர்வைக்குள் பெரும்பாலான இடங்களில் இருப்பது, நாம் கற்பனை செய்வதைப்போல நூறு கிட்டார்கள் அல்ல. குழுவின் கிட்டார் கலைஞர் கெவின் ஷீல்ட்ஸ், கம்பிகளின் சுருதியை ஏற்றி இறக்கும் டிரெமலோ கைப்பிடியை விடாமல் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டே கம்பிகளை மீட்டுகிறார். அதனால் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு (கார்டு) முழுவதுமாகச் சுருதியிலிருந்து சற்று இறங்கி மீண்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது. அதோடு, ரிவெர்பை, அதாவது எதிரொலி விளைவை, தலைகீழாகத் திருப்பிக் கலப்பதால், வழக்கமாக ஒரு சத்தத்துக்குப் பின்னால் வரும் எதிரொலி முன்னால் வீங்கி வருவதாகத் தோன்றுகிறது. அடிப்பதும் அதிர்வதும் இப்படி இடம் மாறிவிட்டால், தாளத்தை எங்கே பிடிப்பது என்று காது குழம்பத்தான் செய்யும். உங்களுக்கு நேர்வது அதுதான்.

குரல் அடியில் கிடப்பதும் தெரிந்தே செய்ததுதான். குழுவின் பாடகி பிலிண்டா பட்சர் விடிகாலையில், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடப்பட்ட கையோடு பல பாடல்களைப் பாடியதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் குரலைப் பாடகியின் குரலாகத் தேடாமல், நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரை நாம் எப்படிக் கேட்கிறோமோ அப்படிக் கேட்டுப் பாருங்கள்: தனியாகத் தெரியாது, நிறுத்தினால் மட்டும் சபையே திரும்பிப் பார்க்கும்.

முதல் பாட்டிலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் யோசனை. ‘ஒன்லி ஷாலோ’ நான்கு டிரம்ஸ் அடிகளுக்குப் பிறகு சுவரைப்போல மேலே சாய்கிறது; புதியவரை அதுவே விரட்டிவிடும். எட்டாவதாக வரும் ‘சம்டைம்ஸ்’ பாட்டிலிருந்து தொடங்குங்கள். அதில் டிரம்ஸின் ஆர்ப்பாட்டம் இல்லை, மெட்டு வெளியே தெரிகிறது. ஸ்பீக்கரில், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேளுங்கள். குறைந்த ஒலியில் அந்த ஆல்பம் வெறும் மின்விசிறிச் சத்தம்தான். இதை ரசிகனாகிய நானே ஒப்புக்கொள்கிறேன்.

பழைய இசைத்தட்டு எழுதியது:

ஒலிமேசை சொன்ன நுட்பங்களில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ‘இண்டி’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு விவாதிக்கும்போது, பணம் எங்கிருந்து வந்தது, தட்டு எந்த வழியாகக் கடைக்குப் போனது என்பதையும் பேசியாக வேண்டும். 1977 ஜனவரியில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழுவினர் உறவினரிடமும் நண்பர்களிடமும் 500 பவுண்டு கடன் வாங்கி ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்ற நான்கு பாட்டுத் தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். எந்தப் பாட்டு எத்தனையாவது டேக்கில் (பதிவு முயற்சியில்) முடிந்தது என்பதைக்கூட உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள். ‘இதில் ஒரு மந்திரமும் இல்லை, நீங்களும் செய்யலாம்’ என்பதாகவே பலர் அதை எடுத்துக்கொண்டார்கள். யங் மார்பிள் ஜயண்ட்ஸ் அந்த வழியில் வந்தவர்கள்.

‘லவ்லெஸ்’ கதை வேறு. இரண்டு ஆண்டுகள், பத்தொன்பது ஸ்டுடியோக்கள். இரண்டரை லட்சம் பவுண்டு செலவானதென்பது கிரியேஷன் லேபிளின் ஆலன் மெக்கீ தரப்புக் கணக்கு. அவ்வளவெல்லாம் இல்லை என்று ஷீல்ட்ஸ் மறுத்திருக்கிறார். எது சரியாக இருந்தாலும், அந்த ஆல்பத்தோடு லேபிள் அவர்களைக் கைகழுவியது. அடுத்த ஆண்டே கிரியேஷனின் பாதிப் பங்கு சோனியிடம் போனது. குழுவின் அடுத்த ஆல்பம் 2013-இல்தான் வந்தது. சிறிய லேபிளில் வந்தது என்பதால் மட்டும் அதைச் சிறிய மனிதர்களின் வெற்றியாகக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

என்னைக் கேட்டால் ‘தி குவீன் இஸ் டெட்’ என்பேன். லேபிளுடன் ஏற்பட்ட வழக்கில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்து 1986 ஜூனில் வெளிவந்த அந்த ஆல்பத்தில், ஸ்மித்ஸின் கிட்டார் கலைஞர் ஜானி மார் ஒரே கிட்டார் வரிக்குள் மூன்று பேர் வேலையைச் செய்கிறார். பாடகர் மாரிஸ்ஸி சாவைப் பற்றிப் பாடும்போதும் நமக்குச் சிரிப்பு வருகிறது. மாரிஸ்ஸி பிற்காலத்தில் பேசியவற்றை என்னால் ஏற்க முடிவதில்லை என்பதால் இப்போதெல்லாம் மார் வாசிப்பதைத் தொடர்ந்தே அதைக் கேட்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

அருளரின் ரசிகை எழுதியது:

பணமும் விநியோகமும்தான் அளவுகோல் என்றால், பழைய இசைத்தட்டு அண்ணா, ஒரு சிக்கல் இருக்கிறது. 1980 ஜனவரியில் பிரிட்டனில் தொடங்கிய இண்டி தரவரிசையில், பெரிய நிறுவனங்களின் விநியோக வழியில் போகாத எந்தத் தட்டும் இடம்பெறலாம் என்பதே விதி. அந்த விதியின் புண்ணியத்தில், எண்பதுகளின் பிற்பகுதியில் பாப் நட்சத்திரம் கைலி மினோக்கின் பாடல்கள் இண்டி தரவரிசையில் முதலிடம் பிடித்தன. அவரை ஸ்மித்ஸுக்குப் பக்கத்தில் உட்கார வைக்க நீங்கள் சம்மதிப்பீர்களா?

ஆகவே அந்தச் சொல்லுக்குள் ஒலியின் அடையாளமும் ஒளிந்திருக்கிறது. அந்த அடையாளம் கிட்டார் பிடித்த வெள்ளைக்கார இளைஞர்களாகவே இருந்துவிட்டது என்பதுதான் என் மனத்தாங்கல். லண்டன் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ.வின் ‘அருளர்’ 2005-இல் எக்ஸ்.எல். என்ற சுயேச்சை லேபிளில் வந்தது. ரோலண்ட் எம்.சி. 505 என்ற ஒற்றை மின்னணு இசைப் பெட்டியை வைத்துக்கொண்டு முதல் பாடல்களை உருவாக்கியவர் அவர்; யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, அகதியாக லண்டன் திரும்பியவர்; ஈழப் போராட்ட இயக்கத்தில் இருந்த தம் தந்தையின் புனைபெயரையே ஆல்பத்துக்குச் சூட்டியவர். சிறந்த ஆல்பத்துக்குப் பிரிட்டனில் தரப்படும் மெர்குரி பரிசுக்கான பட்டியலிலும் அது இருந்தது. ஆனாலும் தலைசிறந்த இண்டி ஆல்பம் என்ற பேச்சில் அதை ஒருவரும் எடுப்பதில்லை. தமிழச்சி என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. அந்தக் காரணமும் கொஞ்சம் உண்டு என்பதை மறைக்கவும் இல்லை.

பழைய இசைத்தட்டு எழுதியது:

கைலியை இழுத்து வந்து என்னை மடக்கிவிட்டீர்கள், தங்கையே. விதியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது என்பதை ஏற்கிறேன். ‘அருளர்’ அமெரிக்காவில் இண்டர்ஸ்கோப் என்ற பெருநிறுவனத்தின் பெயரையும் தாங்கி வந்தது என்று வாதாடலாமென நினைத்தேன். ஆனால் ஸ்மித்ஸும் கடைசியில் பெருநிறுவனமான இ.எம்.ஐ.யில் கையெழுத்திட்டார்கள் என்பது நினைவுக்கு வந்து அடங்கிவிட்டேன். அடுத்த வாரம் அதை முழுதாகக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

நள்ளிரவு வானொலி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒலிமேசை சொன்னபடி நேற்று மாலை ‘சம்டைம்ஸ்’ பாட்டிலிருந்து தொடங்கினேன். ஒத்து ஊதுபவரின் உவமை எனக்கு உதவியது. குரலைத் தேடுவதை விட்ட பிறகு, அது தானாகவே மேலே மிதந்து வந்தது. அந்தப் பாட்டை மூன்று முறை கேட்டேன். துணிச்சல் வந்து ‘டு ஹியர் நோஸ் வென்’ பாட்டுக்குப் போனேன். சுருதி வழுக்கிக்கொண்டே போகும் அந்தப் பாட்டு பாதியில் இருக்கும்போது, அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, “டேப் சிக்கிக்கிச்சா?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் டேப் ரெக்கார்டர் போய்ப் பதினைந்து வருடங்கள் ஆகின்றன.

ஆனாலும் நான் கட்சி மாறவில்லை. இரவு படுக்கும் முன் ‘கொலோசல் யூத்’தைத்தான் போட்டேன். கடைசியில் வரும், பாடல் வரிகளே இல்லாத ‘விண்ட் இன் தி ரிக்கிங்’ முடிந்தபோது, வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டிருந்தார்கள். அம்மா எதுவும் கேட்கவில்லை.