ஆகஸ்டில் இரண்டு வாரம், மோட்டார்ஹோமில் பிரான்ஸ்: இந்தப் பாதை சரிவருமா?

ரெடிங்_வாசி:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கிறோம். ஆகஸ்டில் இரண்டு வாரம் வாடகைக்கு ஒரு மோட்டார்ஹோம் எடுத்துப் பிரான்ஸ் போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, 11 வயது மகள், 8 வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. அம்மாவுக்கு 68 வயது, சுத்த சைவம், முழங்கால் வலி உண்டு. ஷெங்கன் விசா கிடைத்துவிட்டது. வண்டி 7 மீட்டர் நீளம், மொத்த எடை வரம்பு 3,500 கிலோ.

நான் போட்டு வைத்திருக்கும் பாதை: கலே துறைமுகத்தில் இறங்கி பாரிஸ், லுவார் ஆற்றங்கரைக் கோட்டைகள், சார்லா, கர்க்காசோன், நீஸ், அங்கிருந்து ஆல்ப்ஸ் வழியாகத் திரும்பக் கலே. பெரிய நகரங்களைவிடப் பழைய ஊர்கள்தான் எங்களுக்குப் பிடிக்கும். இரவில் எங்கே நிறுத்துவது, சுங்கம் எவ்வளவு இழுக்கும், தண்ணீர், கழிவு இதெல்லாம் எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சார்செல்_அக்கா:

தம்பி, நாங்கள் பாரிசுக்கு வடக்கே இருக்கிறோம். அந்த வண்டியோடு பாரிசுக்குள் வர வேண்டாம். நிலக்கீழ் வாகனத் தரிப்பிடங்கள் பெரும்பாலும் 2 மீட்டர் உயரத்துக்குள்தான், உங்கள் வண்டி நுழையாது. பாரிஸ் பார்க்க ஆசையென்றால் இன்னொரு முறை ரயிலில் வாருங்கள்.

இன்னொன்று, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் நெடுஞ்சாலைப் பக்கமே போகாதீர்கள். இங்கே பிசோன் ஃபூத்தே என்று அரசின் போக்குவரத்து முன்னறிவிப்பு இருக்கிறது. பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று ஒவ்வொரு நாளுக்கும் நிறம் கொடுப்பார்கள். ஆகஸ்ட் தொடக்கத்துச் சனிக்கிழமை என்றால் கறுப்பை எதிர்பார்க்கலாம். கறுப்பு நாளில் பிள்ளைகளையும் வயதான அம்மாவையும் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கவேண்டி வரும்.

லிமோஜ்_தாத்தா:

தம்பி, நான் காரைக்காலில் பிறந்தவன். பணி ஓய்வுக்குப் பிறகு லிமோஜ் பக்கத்தில் இருக்கிறேன். எனக்கும் என் மனைவிக்கும் கேம்பிங்-கார்தான் (இங்கே மோட்டார்ஹோமை அப்படித்தான் சொல்வார்கள்) பாதி வாழ்க்கை. உங்கள் பாதையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீஸையும் ஆல்ப்ஸையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கலேயிலிருந்து நீஸுக்கு மட்டும் 1,200 கிலோமீட்டருக்கு மேல். அந்தக் கடற்கரையில் கேம்பிங்-கார் இரவு நிற்கப் பல இடங்களில் தடை, வாகன நிறுத்தங்களின் வாசலில் உயரத் தடுப்புக் கம்பி. இருக்கும் இரண்டு வாரத்தில் பாதி நாள் பிள்ளைகள் பார்ப்பது முன்னால் போகும் லாரியின் முதுகாகத்தான் இருக்கும். உள்நாட்டுச் சிற்றூர்கள் அப்படியில்லை. அங்கே நகராட்சியே கேம்பிங்-காருக்கென்று இடம் ஒதுக்கி, குடிநீர்க் குழாயும் கழிவு கொட்டும் தொட்டியும் வைத்திருக்கும். அதை 'எர்' என்பார்கள். சில ஊர்களில் இலவசம், சில ஊர்களில் ஓர் இரவுக்கு 5 முதல் 15 யூரோ வரை.

இந்த எர்களின் அருமை காசு மிச்சத்தில் இல்லை. பெரும்பாலும் அவை பழைய ஊரிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும். சுற்றுலாப் பேருந்துகள் மாலை ஐந்து, ஆறு மணிக்குக் கிளம்பிவிடும். நீங்கள் அங்கேயே இருப்பீர்கள். ஏழு மணிக்கு மேல் அந்தத் தெருக்களில் ஊர்க்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், உங்கள் பிள்ளைகள் சதுக்கத்தில் அவர்கள் பிள்ளைகளோடு பந்து விளையாடும். காலையில் ரொட்டிக்கடை திறக்கும்போது வரிசையில் நீங்களும் நிற்பீர்கள். ஓட்டலில் தங்கிக் காரில் வந்து போகிறவருக்கு இது சுலபத்தில் கிடைக்காது. அதனால் நான் சொல்வது இதுதான்: ஒரே ஒரு பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தொர்தோஞ் ஆறு போதும், உங்கள் பட்டியலில் இருக்கும் சார்லாவும் அந்தப் பக்கம்தான்.

போகும் வழி: கலே, ருவான், எவ்ரோ, த்ரோ, சார்த்ர். பாரிசைத் தொடவே வேண்டாம். முதல் இரவு சார்த்ரில், யூர் ஆற்றங்கரையில் முகாம் மைதானம் இருக்கிறது. அந்த ஊரின் பேராலயம் 1194 தீ விபத்துக்குப் பிறகு எழுந்தது. அந்த நீலக் கண்ணாடி ஜன்னல்களை 1939-இல் போர் வருமுன் ஒவ்வொன்றாகக் கழற்றி ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். காலை வெயிலில் போய்ப் பாருங்கள். மறுநாள் ஓர்லியான், வியர்சோன், அங்கிருந்து ஏ20 நெடுஞ்சாலை. வியர்சோனிலிருந்து பிரிவ் வரை ஏ20-இல் சுங்கமே கிடையாது.

மற்ற இடங்களில் சுங்கம் வண்டியின் உயரத்தைப் பொறுத்தது. 2 மீட்டருக்கு மேல், 3 மீட்டருக்குள், எடை 3,500 கிலோவுக்குள் என்றால் இரண்டாம் வகுப்பு. உயரம் 3 மீட்டரைத் தொட்டுவிட்டால் மூன்றாம் வகுப்பு, காசு கூடும். ஆகவே வண்டி எடுக்கும்போதே சரியான உயரத்தைக் கேட்டு எழுதி, ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டி வையுங்கள். சுங்கச்சாவடி இயந்திரம் மூன்றாம் வகுப்பு என்று காட்டினால் உதவிப் பொத்தானை அழுத்தி "கிளாஸ் தே" (இரண்டாம் வகுப்பு) என்று சொல்லுங்கள், மாற்றிவிடுவார்கள்.

லிமோஜ் வரும்போது ஒராதூர்-சுர்-கிளானுக்கு ஒரு காலைப்பொழுது கொடுங்கள். 1944 ஜூன் 10 அன்று நாஜி ஜெர்மனியின் எஸ்.எஸ். படை அந்த ஊரில் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்று ஊரையே எரித்தது. எரிந்த ஊரை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். தெருவில் துருப்பிடித்த கார்கள், சுவரோரம் தையல் இயந்திரங்கள். மகளுக்கு 11 வயது, முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போகலாம். மகனைப் பற்றி நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும்.

அப்புறம் தொர்தோஞ். லா ரோக்-கஜாக்கில் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் செங்குத்துப் பாறை, இடையில் ஒரே வரிசை வீடுகள். பாறை தெற்கு பார்த்து நிற்பதால் அடிவாரம் கதகதப்பாக இருக்கும், அங்கே தோட்டத்தில் வாழையும் பனை வகைகளும் வளர்கின்றன. அம்மாவுக்குக் காட்டுங்கள், சந்தோஷப்படுவார். கேம்பிங்-கார் நிறுத்தம் ஆற்றோரமே இருக்கிறது. ஆகஸ்டில் மதியத்துக்குள் நிரம்பிவிடும், காலை பத்து மணிக்குப் போய்விடுங்கள், அப்போதுதான் முந்தைய இரவு தங்கியவர்கள் கிளம்புவார்கள். முன்பு போர்தோ பக்கத்துக்குச் சரக்கு ஏற்றிப் போன தட்டையான மரப்படகுகளின் சாயலில் செய்த படகுகளில் இப்போது பயணிகளை ஏற்றிப் போகிறார்கள். அம்மாவுக்கு நடையில்லாமல் கோட்டைகளைப் பார்க்க அதுவே வழி.

ஆற்றின் ஒரு கரையில் பெய்னாக் கோட்டை, எதிர்க்கரையில் கஸ்தெல்நோ. இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போரில் ஒன்று பிரெஞ்சுக்காரர் பக்கம், மற்றது பலகாலம் ஆங்கிலேயர் பக்கம். கஸ்தெல்நோவில் இடைக்காலப் போர்க்கருவி அருங்காட்சியகம், கல் எறியும் பெரிய பொறிகளை முழு அளவில் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். உங்கள் மகனுக்கு அது ஒன்றே போதும். கொஞ்சம் தெற்கே மோன்பசியே. 1284-இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் உண்டாக்கிய ஊர். கோடு போட்ட மாதிரி நேர்த்தெருக்கள், நடுவில் சதுக்கம், சுற்றிலும் வளைவுத் தாழ்வாரம், ஒரு மூலையில் மரத்தூண்கள் தாங்கும் சந்தைக்கூடம், அதற்குள் பழைய தானிய அளவைகள். எனக்கு இந்த வட்டாரத்திலேயே மிகப் பிடித்த ஊர். முழங்கால் வலிக்காரருக்கும் ஏற்றது, தரை சமம்.

மோந்தினியாக்கில் லாஸ்கோ. ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள குகை, 1940-இல் பையன்கள் நாலு பேர் கண்டுபிடித்தது. பார்க்க வந்தவர்களின் மூச்சுக்காற்றாலேயே ஓவியங்கள் கெட ஆரம்பித்ததால் 1963-இல் மூடிவிட்டார்கள். இப்போது பார்ப்பது 2016-இல் திறந்த முழு நகல். நகல்தானே என்று விட்டுவிடாதீர்கள், அந்தக் காளைகளின் முன் நின்றால் உடம்பு சிலிர்க்கும். சீட்டு இப்போதே இணையத்தில் எடுங்கள். உள்ளே குளிரும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

ஸ்டுட்கார்ட்_மலர்:

எடையைக் கவனியுங்கள். 7 மீட்டர் வண்டி காலியாகவே 3,000 கிலோ அளவில் இருக்கும். அதில் ஐந்து பேர், துணிமணி, அரிசி, குக்கர், சைக்கிள் என்று ஏற்றினால் 3,500 சுலபமாகத் தாண்டிவிடும். சோதனையில் பிடித்தால் அபராதம். தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் என்றால் 100 கிலோ. ஓட்டும்போது கால் பங்கு வைத்துக்கொண்டு, தங்கும் இடத்தில் நிரப்புங்கள். சீட் பெல்ட் போட்ட இருக்கை ஐந்து இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆறு பேர் படுக்கலாம் என்று போட்டிருக்கும் வண்டியில் சில சமயம் நாலு பெல்ட்தான் இருக்கும்.

ரெடிங்_வாசி:

எல்லோருக்கும் நன்றி. மனைவியோடு பேசி நீஸை எடுத்துவிட்டோம். பெல்ட் ஐந்து இருக்கிறது. இரண்டு சந்தேகம், ஐயா. இரவில் பாதுகாப்பா? அம்மா சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

லிமோஜ்_தாத்தா:

ரொம்ப நல்ல முடிவு, தம்பி.

நெடுஞ்சாலையோர ஓய்விடங்களில் மட்டும் தூங்காதீர்கள், திருட்டு நடப்பது அங்கேதான். இருட்டுமுன் ஏதாவது ஒரு கிராமத்துக்குள் போய்விடுங்கள். எர் தவிர இன்னொரு நல்ல வழி பிரான்ஸ் பாஸியோன். ஆண்டுச் சந்தா கட்டினால் நாடு முழுக்க 2,000-க்கும் மேற்பட்ட பண்ணைகளிலும் திராட்சைத் தோட்டங்களிலும் ஓர் இரவு இலவசமாக நிற்கலாம். எதுவும் வாங்கவேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் விருந்தாளி மாதிரி போனதும் வணக்கம் சொல்லி, கிளம்பும்போதும் சொல்லிவிட்டு வாருங்கள். வால்நட் எண்ணெயோ ஆட்டுப்பால் சீஸோ கொஞ்சம் வாங்கினால் அவர்களுக்கும் மகிழ்ச்சி. சாதாரணப் பொது நிறுத்தத்தில் நிற்கும்போது மேசை, நாற்காலி, பந்தல் எதையும் வெளியே விரிக்கக்கூடாது. விரித்தால் அது முகாம், எழுப்பி அனுப்புவார்கள். கழிப்பறைத் தொட்டியை அதற்குரிய இடம் தவிர எங்கேயும் கொட்டாதீர்கள். ஒருவர் ஓடையில் கொட்டினால் ஊர் அடுத்த வருடம் எல்லோருக்கும் கதவை மூடும். அப்படி மூடிய ஊர்களை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அம்மா விஷயம்: உணவகத்தில் உருளைக்கிழங்குதானே என்று வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இந்தப் பக்கம் உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பில்தான் வதக்குவார்கள், 'சர்லாதேஸ்' என்று பட்டியலில் இருந்தால் அதுதான். காய்கறி சூப்பில்கூட இறைச்சிச் சாறு இருக்கலாம். சீஸ் பலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்ப்பதுண்டு, அம்மா அதையும் பார்ப்பவர் என்றால் சொல்லி வையுங்கள். நீங்கள் சமையலறையோடு போகிறீர்கள், கவலை இல்லை. சந்தையில் தக்காளி, பீன்ஸ், கத்தரிக்காய், முலாம்பழம், ரேன்-குளோத் என்ற பச்சைப் பிளம்ஸ் எல்லாம் ஆகஸ்டில் கொட்டிக் கிடக்கும். புளி, பருப்பு மட்டும் வீட்டிலிருந்து. கடைகள் பன்னிரண்டு முதல் இரண்டு மணி வரை மூடியிருக்கும், திங்கட்கிழமை பல ரொட்டிக்கடைகள் திறக்காது, ஆகஸ்ட் 15 பொது விடுமுறை.

பெரிய சந்தை சார்லாவில், புதனும் சனியும். 1962-இல் பழைய நகர்ப்பகுதிகளைக் காக்க அப்போதைய பண்பாட்டு அமைச்சர் மால்ரோ கொண்டுவந்த சட்டத்தால் முதலில் பயன்பெற்ற ஊர்களில் ஒன்று, தேன் நிறக் கல்லில் முழுசாக நிற்கிறது. நீங்கள் செவ்வாய்க்கிழமைக் கப்பலைப் பிடித்தால் அவசரமில்லாமல் வெள்ளி மாலை சார்லா வந்துவிடலாம். மற்றவர்கள் நெடுஞ்சாலையில் நிற்கும் அந்தக் கறுப்புச் சனிக்கிழமை நீங்கள் காலை எட்டு மணிக்குப் பையோடு சந்தைக்கு நடந்து போகலாம். கப்பல் சீட்டை மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள், எந்தத் தேதி கிடைத்தது என்று இங்கே எழுதுங்கள்.