வீட்டு டெபாசிட் திரும்ப வரவில்லை, பல்கலை மாணவர் அமைப்பான ஆஸ்டாவில் போய்க் கேட்கலாமா?

முல்லை:
ஜெர்மனியில் மாஸ்டர்ஸ், இரண்டாம் வருடம். பிப்ரவரியில் பழைய அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டேன், 900 யூரோ டெபாசிட் இன்னும் வரவில்லை. மூன்று முறை மெயில் போட்டதற்கு "சுவரில் கறை" என்று ஒரே ஒரு வரி பதில். வக்கீலிடம் போகக் கையில் காசு இல்லை. கூடப் படிக்கும் ஜெர்மன் தோழி "ஆஸ்டாவுக்குப் போ" என்கிறாள். அது தேர்தல், போராட்டம் என்று இருக்கிற மாணவர் யூனியன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர்களால் இதில் என்ன செய்ய முடியும்? என் ஜெர்மன் பி1, அதாவது இடைநிலை அளவுதான்.

கரிசல்காட்டான்:
தாராளமாகப் போங்கள். செமஸ்டர் கட்டண விவரத்தை எடுத்துப் பாருங்கள், பஸ், ரயில் டிக்கெட் பணம், மாணவர் விடுதி, உணவகம் நடத்தும் ஸ்டூடியெரண்டன்வெர்க்குக்கான பணம் போக மாணவர் அமைப்புக்கென்று சில யூரோ தனியாகப் பிடித்திருப்பார்கள். அந்தக் காசில்தான் பல ஆஸ்டாக்கள் வாரத்தில் ஓரிரு நாள் வக்கீலை உட்கார வைக்கிறார்கள், அதனால் கூச்சப்பட ஒன்றுமே இல்லை, நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிய சேவை அது. மாணவர்கள் ஓட்டுப்போட்டு மாணவர் பாராளுமன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தப் பாராளுமன்றம் ஆஸ்டாவைத் தேர்ந்தெடுக்கிறது. அரசியல் உண்டுதான், ஆனால் ஆலோசனைக்கு வருகிறவரிடம் யாருக்கு ஓட்டுப்போட்டாய் என்று யாரும் கேட்பதில்லை.

பகுதிநேர வேலையில் எனக்கு ஒரு மாதச் சம்பளம் நின்றபோது போனேன். வக்கீல் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துவிட்டு, இன்ன தேதிக்குள் தர வேண்டும் என்று கெடு வைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பச் சொன்னார், என்ன எழுதுவது என்றும் சொல்லிக்கொடுத்தார். பத்து நாளில் பணம் வந்தது. பெரும்பாலும் முதல் ஆலோசனை மட்டும்தான், கோர்ட்டுக்கு உங்களுக்காக வர மாட்டார்கள். வாடகை ஒப்பந்தம், வீட்டை ஒப்படைத்தபோது எழுதிய பத்திரம், மெயில்கள், மாணவர் அட்டை எல்லாம் கொண்டுபோங்கள்.

வைகறை:
எந்த மாநிலம் என்று சொல்லவில்லையே? சாக்சனி, தூரிங்கியா பக்கம் ஆஸ்டாவுக்குப் பதில் ஸ்டூரா என்று தேடுங்கள், வேலை ஏறக்குறைய அதேதான். பவேரியாவில் மட்டும் கொஞ்சம் சிக்கல். 1970களில் அங்கே மாணவர் அமைப்பின் சட்ட அந்தஸ்தை எடுத்துவிட்டார்கள், இன்றுவரை திருப்பித் தரவில்லை, அதனால் சொந்தமாகக் கட்டணம் வசூலிக்கவோ வக்கீல் வைக்கவோ அவர்களுக்கு வழியில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் அப்படித்தான் இருந்தது, 2012ல் மீட்டுக்கொண்டார்கள். பவேரியா என்றால் ஸ்டூடியெரண்டன்வெர்க்கில் சட்ட ஆலோசனை இருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம் மொழி. பல இடங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. இங்கிலீஷில் மெயில் போட்டு நேரம் வாங்குங்கள், தயங்கவே வேண்டாம்.

தாமரைக்குளம்:
டெபாசிட்டோடு நிறுத்திவிடாதீர்கள். நம்மில் பலர் கடன் வாங்கி வந்தவர்கள், ஒரு மாதம் பணம் தட்டினால் சாப்பாட்டைக் குறைப்பார்களே தவிர ஆஸ்டா கதவைத் தட்ட மாட்டார்கள், அதைப் பார்க்கத்தான் எனக்கு மனம் ஆறுவதில்லை. சில ஆஸ்டாக்களில் நெருக்கடிக்கு வட்டியில்லாத சிறு கடன் உண்டு. 2024 கோடை செமஸ்டரில் நாடு முழுக்கச் செல்லும் செமஸ்டர் டிக்கெட் மாதம் 29.40 யூரோவுக்கு வந்ததே, அப்போது ஆறு மாதத்துக்கு மொத்தமாக 176.40 கட்ட வேண்டியிருந்தது. டிக்கெட் பணம் கட்ட நிஜமாகவே முடியாதவர்கள் மனு கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடும் பல பல்கலைகளில் இருக்கிறது, கெடு தேதி மட்டும் தவறக் கூடாது. சைக்கிளை நாமே சரிசெய்யும் பட்டறையும் சில இடங்களில் உண்டு. பழைய கேள்வித்தாள் வேண்டுமானால் உங்கள் துறையின் மாணவர் குழுவான ஃபாக்‌ஷாஃப்டில் கேளுங்கள்.

முல்லை:
எல்லோருக்கும் நன்றி. நான் இருப்பது ஹெஸ்ஸனில். மெயில் போட்டேன், வியாழன் மதியம் 2 மணிக்கு வரச் சொல்லிவிட்டார்கள், இங்கிலீஷில் பேசலாமாம். வீடு ஒப்படைத்த பத்திரத்தை இப்போதுதான் தேடி எடுத்தேன், அதில் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கீழே வீட்டுக்காரர் கையெழுத்தும் இருக்கிறது.