ஒரு கால் மட்டும் தட்டைப் பாதம், அடிக்கடி சுளுக்கு: ஆர்ச் செருப்பு போதுமா?

ஏற்காடு பெற்றோர்:
மகனுக்கு 11 வயது. வலது பாதத்தில் மட்டும் வளைவே இல்லை. சில மாதங்களாகக் கணுக்கால் மொழிக்குச் சற்று முன்னால், வெளிப்பக்கம் வலி. காப்பித் தோட்டச் சரிவில் நடந்தால் கூடுகிறது, சேலத்தில் சமதரையில் நடந்தால் அவ்வளவாக இல்லை. மூன்று தடவை சுளுக்கிவிட்டது. நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆர்ச் வைத்த செருப்பு வாங்கினால் சரியாகுமா?

சேலம் பிசியோ:
செருப்பு அப்புறம். முதலில் பையனை வெறுங்காலோடு நிறுத்தி, பின்னால் உட்கார்ந்து குதிகாலைப் பாருங்கள். நுனிக்காலில் எக்கச் சொல்லுங்கள். இளக்கமான தட்டைப் பாதம் என்றால் எக்கும்போது வளைவு எழும்பும், குதிகால் உள்பக்கம் திரும்பும். அந்த வகைக்கு, வலி இல்லாவிட்டால், வைத்தியமே வேண்டாம். கெண்டைக்கால் தசை இறுகியிருந்தால் மட்டும் முழங்காலை மடக்காமல் நீட்டிப் பழக வேண்டும்.

அடுத்து, காலைத் தொங்கவிட்டு, ஒரு கையால் கணுக்காலுக்கு மேல் பிடித்து, மறு கையால் குதிகாலை உள்ளும் வெளியும் அசையுங்கள். இடது காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சரிவுக்கு ஏற்ப பாதம் சாய்வது கணுக்காலுக்குக் கீழே உள்ள மூட்டில்தான். அது பூட்டிக்கொண்டால் அந்தச் சாய்வு முழுக்கக் கணுக்கால் மேல் விழும். மேட்டில் வலியும் திரும்பத் திரும்பச் சுளுக்கும் அதனால்தான்.

ஏற்காடு பெற்றோர்:
பார்த்தேன். எக்கினால் இடது குதிகால் திரும்புகிறது, வலது அப்படியே நிற்கிறது. கையால் அசைத்தாலும் கட்டை மாதிரி இருக்கிறது.

குழந்தைகள் எலும்பு மருத்துவம்:
அப்படியென்றால் பாத எலும்புகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இது பிறவியிலேயே இருப்பது. குருத்தெலும்பாக இருக்கும்வரை இளகிக் கொடுக்கும், எலும்பாக இறுகும்போதுதான் வலி தொடங்கும். குதி எலும்புக்கும் படகு எலும்புக்கும் (பாதத்தின் உள்பக்க நடுவில் இருப்பது) நடுவில், இரண்டையும் ஒட்டவைக்கும் பாலம் 8 முதல் 12 வயதில் இறுகும். நீங்கள் சொல்லும் வலி இடமும் அதற்கே பொருந்துகிறது. குதி எலும்பும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் தாலஸ் எலும்பும் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் 12க்கு மேல்தான் தெரியவரும்.

முதல் வகைப் பாலம் நேர்ப் படத்தில் எளிதில் தப்பிவிடும். 45 டிகிரி சாய்த்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பழைய பக்கவாட்டுப் படத்தையும் கொண்டு போங்கள்: குதி எலும்பின் முன்முனை எறும்புதின்னி மூக்கு போல நீண்டிருந்தால் அதுவே தடயம். பிறகு இரு பாதங்களுக்கும் சி.டி. ஸ்கேன், ஏனென்றால் பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் இருக்கும். குருத்தெலும்புப் பாலம் என்று சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டும்.

வலிக்கு முதலில் நடக்கும் மாவுக்கட்டு, முழங்காலுக்குக் கீழே, 4 முதல் 6 வாரம். பிறகு மெத்தென்ற இன்சோல். விறைத்த பாதத்துக்கு உயரமான, கடினமான ஆர்ச் வைக்காதீர்கள். வளையாத பாதத்தை அது கீழிருந்து குத்தி வலியைக் கூட்டும்.

கட்டைப் பிரித்தபின் வலி திரும்பினால் பாலத்தை வெட்டி எடுப்போம். ஆப்பு வடிவில் எடுத்தால் அடிப்பக்கம் மிச்சமாகி மறுபடி ஒட்டும். செவ்வகமாக, சுமார் 1 செ.மீ. இடைவெளி விட்டு எடுத்து, அங்கே கொழுப்போ தசையோ வைத்து அடைக்க வேண்டும்.

சேலம் பிசியோ:
சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை எலும்புப் பிரிவு புறநோயாளிகள் பகுதியில் காட்டலாம். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலியோ, காய்ச்சலோ, வீக்கமோ இருந்தால் காத்திருக்காதீர்கள். அதற்குக் காரணம் வேறாக இருக்கலாம்.